கீழ் எல்லை

யூன் தே-சிக்குக்கு வயது அறுபத்துமூன்று. லண்டனின் நியூ மோல்டன் கடைத்தெருவில் கொரிய எழுத்தில் தொங்குகிற பெயர்ப்பலகைகளில் பாதிக்கு மேல் அவர் கையால் ஏற்றியவை. ஏணியில் ஏறுவது, சுவரில் துளை போடுவது, பலகையை மாட்டிவிட்டு இறங்கி எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று சரிவு பார்ப்பது, இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவருடைய தொழில். தேவாலயத்தில் வாசிக்கப்பட்ட ஓர் அறிவித்தலைக் கேட்டுப் பெயர் கொடுத்திருந்தார். ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லண்டன் மருத்துவமனை ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்த பரிசோதனை அறைக்கு, கையில் ஒரு பெட்டி அரிசி பிஸ்கட்டோடு வந்து சேர்ந்தார்.

"எனக்கு ஒரு நோயும் இல்லை. அதற்காகத்தானே கூப்பிட்டீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தார்.

"அதற்காகத்தான்" என்றாள் பிறேமினி.

அந்த அறை பிறேமினியுடையது. பதினான்கு வருடமாக அங்கே பரிசோதனை செய்கிறாள். பிறந்தது சாவகச்சேரி, படித்தது பாதி ஹொலண்டில், மீதி லண்டனில். மனிதர் நினைக்காமலே உடம்பில் நடக்கிற காரியங்கள் சில இருக்கின்றன. இதயம் துடிப்பது, வியர்ப்பது, படுக்கையிலிருந்து எழும்பியதும் இரத்தம் காலுக்கு இறங்கிவிடாமல் தலைக்கும் போய்ச் சேருவது. இவற்றைக் கவனித்துக்கொள்கிற நரம்புகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று அளந்து பார்ப்பதுதான் அவள் வேலை. ஆனால் அளந்தால் மட்டும் போதாது. அளந்த எண் நல்லதா கெட்டதா என்று சொல்ல, நோயில்லாத மனிதர்களுக்கு அது எவ்வளவு இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தத் துறையின் தலைவர் மருத்துவர் கோபாலனுக்கு அங்கேதான் மனக்குறை. கையில் இருந்த அட்டவணை வெள்ளையர்களை அளந்து செய்தது. கொரியர்கள் ஆயிரக்கணக்கில் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஓர் அட்டவணை செய்வோம் என்று அனுமதி வாங்கி, வயதுக்கு வயது ஆள் சேர்த்து, இருநூறு பேரை அளக்கத் தொடங்கியிருந்தார். யூன் நூற்றுப் பதினெட்டாவது ஆள்.

முதலில் இருபது நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். யூன் அசையாமல் இருந்தார், வாய்தான் ஓயவில்லை. மனைவி இப்போது தன்னோடு படுப்பதில்லையாம். நித்திரையில் அவர் காலை வீசி உதைக்கிறாராம், கத்துகிறாராம். கனவில் யாரோடோ சண்டை, விழித்தால் பக்கத்தில் மனைவிக்குக் காயம். அதனால் அவள் மகளின் அறைக்குப் போய்விட்டாள். இன்னொன்றையும் சொன்னார்.

"மூக்கும் போய்விட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி எங்கள் சமையல் மணக்கிறது என்று கதவைத் தட்டினாள். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. நான் அவளோடு சண்டைக்குப் போனேன்."

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பிறேமினிக்குச் சிரிப்பு வரவில்லை. மூளையில் மெல்லத் தொடங்குகிற ஒரு நோயோடு வந்து, இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்கிற நோயாளிகளை அவள் அந்தக் கட்டிலில் நிறையப் பார்த்திருக்கிறாள். ஆனால் ஆய்வுக்கான கேள்விப் படிவத்தில் நித்திரையைப் பற்றியும் மணத்தைப் பற்றியும் கேள்வி இல்லை. நீரிழிவு உண்டா, இதய நோய் உண்டா, மாத்திரை எடுக்கிறீர்களா என்பதோடு அது முடிந்துவிடும். யூன் எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டிருந்தார். எழுதியது உண்மைதான்.

ஆழமாக மூச்சை இழுத்து விடச் சொன்னாள். மூச்சோடு சேர்ந்து இதயத்துடிப்பும் ஏறி இறங்க வேண்டும். அந்த வயதில் எட்டோ பத்தோ வித்தியாசம் காட்டும். அவருக்கு மூன்று காட்டியது. குழாயில் பதினைந்து வினாடி அழுத்தி ஊதச் சொன்னாள். ஊதி விட்டதும் இரத்த அழுத்தம் ஒரு துள்ளல் துள்ளி மேலே போக வேண்டும். அது மெல்ல, களைத்தவர் படியேறுவது போல ஏறிப் பழைய இடத்தில் நின்றது. பாதத்தில் வியர்வை அளக்கும் கருவி ஒரு துளியும் காட்டவில்லை. கருவியில் பிழையோ என்று கழற்றித் துடைத்து மறுபடி போட்டாள். காய்ந்த பாதம்தான்.

கடைசியில் பட்டிகளால் கட்டி, கட்டிலை நிமிர்த்தினாள். மூன்றாம் நிமிடத்தில் அழுத்தம் பதினெட்டுப் புள்ளி விழுந்திருந்தது. அப்படி விழும்போது இதயம் பதறி ஓட வேண்டும். அவருடைய இதயம் மூன்று துடிப்பு மட்டும் கூட்டிவிட்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போல இருந்தது.

"தலை சுற்றுகிறதா?"

"கொஞ்சம். காலையில் எப்போதும் இப்படித்தான். வயது."

பட்டிகளை அவிழ்த்துவிட்டபோது யூன் கேட்டார்: "நான் நன்றாகச் செய்தேனா?"

எல்லோரும் கேட்கிற கேள்வி அது. அதற்கு ஒரு பதில் ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்தது. தனிப்பட்ட முடிவுகள் சொல்லப்படமாட்டா. எது இயல்பு என்பதே ஆய்வு முடிந்த பிறகுதான் தெரியும். பிறேமினி அந்தப் பதிலையே சொன்னாள். சொல்லிவிட்டு, கதவு வரை கூடப் போய், "காலையில் எழும்பும்போது மெதுவாக எழும்புங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்றாள்.

அவர் அதை உபசார வார்த்தையாக எடுத்துக்கொண்டு, தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

கோபாலன் ஈப்போவில் பிறந்தவர். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், ஹரோவில் வீடு. பிறேமினியோடு தனியாகப் பேசும்போது தமிழில்தான் பேசுவார். அன்று மத்தியானமே அவள் தாள்களை அவர் மேசையில் விரித்தாள்.

"டொக்டர், நூற்றுப் பதினெட்டை ஒருக்கால் பாருங்கோ."

அவர் நிதானமாகப் பார்த்தார். "குறைவாதான் இருக்கு."

"குறைவு இல்ல டொக்டர். இது வருத்தம், நோய்."

"எந்த அட்டவணையை வச்சு சொல்றீங்க?"

"நாங்கள் வழமையாப் பாவிக்கிறதுதான்."

"அது யாரோட அட்டவணை? அது இவங்களுக்குப் பொருந்துமான்னு தெரியாமதானே நாம இந்த வேலையையே ஆரம்பிச்சோம். பழைய அட்டவணைக்கு ஒத்துவராத ஆளையெல்லாம் வெளியே தள்ளினா, கடைசியில கையில என்ன மிஞ்சும்? அதே பழைய அட்டவணைதான்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் பிறேமினிக்குக் கஷ்டமாக இருந்தது.

"நித்திரையில உதைக்கிறாராம். மணமும் தெரியேல்ல எண்டு சொன்னவர்."

"நம்ம படிவத்துல அது இல்லையே."

"ஏணியில ஏறி வேலை செய்யிறவர் டொக்டர்."

கோபாலன் கண்ணாடியைக் கழற்றினார். "இருபதுக்கு மேல விழுந்தா குடும்ப டாக்டருக்கு எழுதலாம். அப்படித்தான் அனுமதி வாங்கியிருக்கோம். இது பதினெட்டு. ஒரு தடவை அளந்தது. இதை வச்சு ஒரு மனுஷனைக் கூப்பிட்டு, உனக்கு மூளையில நோய் இருக்கலாம், வேலையை விட்டுடுன்னு சொல்லச் சொல்றீங்களா? நாளைக்கு இதுதான் அவங்களுக்கு இயல்புன்னு தெரிஞ்சா? முடிவுல பார்ப்போம் பிறேமினி."

அவள் தாள்களைக் கூட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

தன்னால் முடிந்த ஒன்றை அவள் செய்யத்தான் செய்தாள். பத்துப் பேருக்கு ஒருவரை இரண்டாம் முறை கூப்பிட்டு அளப்பது வழக்கம். அந்தப் பெயர்களைக் கணினி தேர்ந்தெடுக்கும். பிறேமினி அந்தப் பட்டியலில் ஓர் எண்ணை அழித்து நூற்றுப் பதினெட்டு என்று போட்டாள். இரண்டாம் முறை இருபதைத் தாண்டினால் கடிதம் எழுதலாம். காலையில், சாப்பிட்டவுடன் வரச்சொன்னால் அழுத்தம் இன்னும் இறங்கி இருபதைத் தாண்டும் என்றும் அவளுக்குத் தெரியும். அறை காலியாக அகப்பட்ட முதல் நாள் ஜூலை இருபத்துநான்கு. அது போதும் என்று நினைத்தாள். தொலைபேசியை எடுத்து, ஏணியில் ஏறாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இலக்கம் படிவத்தில் இருந்தது. மூன்று தடவை அந்தப் படிவத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

ஜூலை இருபத்திரண்டாம் திகதி திங்கட்கிழமை, நாளை மறுநாள் வருவதை நினைவூட்ட அழைத்தபோது மகள் சூ-ஜின் எடுத்தாள்.

"அப்பா வெள்ளிக்கிழமை இறந்துவிட்டார்" என்றாள் அவள். குரலில் அழுகை இல்லை. பல பேருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல். "ஏணியிலிருந்து விழுந்தார். ஏணியைப் பிடிக்க வேண்டியவர் பிடிக்கவில்லை."

பிறேமினி அனுதாபம் சொன்னாள். என்ன சொன்னாள் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கே நினைவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். அன்று பின்னேரம் இன்னும் இரண்டு பேரை அளந்தாள்.

உடல் அப்போது எரிக்கப்படவில்லை. பிரேத பரிசோதனை செய்தவர்கள் மண்டையில் அடி என்றும், இதயத்தில் கோளாறு இல்லை என்றும் எழுதிவிட்டார்கள். மூளையின் அடித்தண்டை வெட்டிப் பாருங்கள், இந்த இந்த நரம்பணுக்களைத் தேடுங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் தேடியிருப்பார்கள். சொல்லக்கூடிய ஒருத்தி அந்த மூன்றாம் மாடியில் இருந்தாள். பத்து நாள் அவள் வாய் திறக்கவில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் உடலை எரித்துவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை நூற்று முப்பத்தொன்பதாவது ஆளாக ஜாங் என்ற மனிதர் வந்தார். ஐம்பத்தெட்டு வயது. கனத்த தோள்கள், நன்றாக மழித்த முகம், அதில் இரண்டு இடத்தில் சவரக்கத்தி வெட்டு. படிவத்தில் தொழில் என்ற இடத்தில் பெயர்ப்பலகை பொருத்துநர் என்று எழுதியிருந்தார். பிறேமினி அதை வாசித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என் நண்பர்தான் என் பெயரையும் கொடுத்தார்" என்றார் ஜாங். "அவர் இப்போது இல்லை. வருவதாகச் சொன்னேன். அதனால் வந்தேன்."

படுக்க வைத்து மார்பில் கம்பிகளை ஒட்டினாள். இருபது நிமிடம். திரையில் அவருடைய அழுத்தம் நூற்று எழுபத்தைந்தில் நின்றது, இறங்கவில்லை. அமைதியாக இருங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாம் தடவை சொன்னபோது அவர் கூரையைப் பார்த்தபடி பேசத் தொடங்கினார். ஆங்கிலம் துண்டு துண்டாக வந்தது.

"அன்று வெயில். மிகவும் வெயில். எங்கள் ஆட்கள் அந்த நாட்களில் சூடான கோழி சூப் குடிப்பார்கள். அந்த உணவகத்துக்காரரே எங்களுக்குக் கொடுத்தார். பெரிய கிண்ணம். அவர் முழுவதும் குடித்தார். உடனே ஏறினார். நான் பிறகு ஏறலாம் என்றேன். வெளிச்சம் இருக்கும்போதே முடிப்போம் என்றார்."

"பேச வேண்டாம், மிஸ்டர் ஜாங்."

"நான் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையாலும். அவர் கை இரண்டும் மேலே. துளை போட்டுக்கொண்டிருந்தார். பிறகு சத்தம் நின்றது. நான் மேலே பார்த்தேன். கை கீழே வந்தது. கருவியை விட்டார். ஏணியையும் விட்டார். கத்தவில்லை. கால் வழுக்கினால் மனிதன் கத்துவான். எதையாவது பிடிப்பான். அவர் பிடிக்கவில்லை. மூட்டை விழுவது போல விழுந்தார். பின்பக்கமாக."

பிறேமினி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைப் பொலிசிடம் சொன்னேன். அவர் மனைவியிடம் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நான் தொலைபேசி பார்த்தேன் என்கிறார்கள். ஏணியை ஆட்டினேன் என்கிறார்கள். தேவாலயத்தில் என் வரிசையில் யாரும் உட்காருவதில்லை. என் மனைவிகூட ஒருநாள் கேட்டாள், உண்மையைச் சொல், நீ பிடித்தாயா என்று." விரல்களை மடக்கி விரித்தார். "இப்போது எனக்கே தெரியவில்லை. பிடித்தேன் என்றுதான் நினைக்கிறேன். இரவும் பகலும் யோசித்தால், கை பிடித்திருந்ததா இல்லையா என்று மறந்துபோகிறது."

அவர் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்து தலையணையில் இறங்கியது. இரண்டு கையிலும் கருவிகள் மாட்டியிருந்ததால் துடைக்க முடியவில்லை. பிறேமினி ஒரு பஞ்சை எடுத்துத் துடைத்துவிட்டாள். அன்றைக்குப் பரிசோதனையை நிறுத்திவிட்டு இன்னொரு நாள் தருவதாகச் சொல்லி அனுப்பினாள். நீங்கள் பிடித்திருந்தீர்கள், எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஹவுன்ஸ்லோ வீட்டின் சமையலறையில் கணவன் கிருஷாந்திடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கிருஷாந்துக்கு ஹீத்ரோவில் சரக்குப் பகுதியில் வேலை. அதிகாலை ஷிப்ட் முடித்து வந்து தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தான். தலைக்கு மேலே விமானம் ஒன்று தாழப் பறந்து போகும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டான்.

"இப்ப நீர் போய்ச் சொன்னால் செத்தவர் எழும்பி வரப்போறாரே?"

"வரமாட்டார். ஆனா ஜாங் உயிரோட இருக்கிறார்."

"அந்தாளைப் பொலிஸ் பிடிச்சு மறியலுக்குள்ள போடேல்லத்தானே?"

"அந்தாள் தன்ர கையையே நம்புறாரில்ல கிருஷாந்த். நான் கண்ணாலை பாத்தன்."

அவன் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான். "உம்மட டொக்டர்தானே வேண்டாம் எண்டவர். நீர் மேலிடத்துக்குச் சொன்னனீர். உம்மில என்ன பிழை?"

"டொக்டர் கடிதம் எழுத வேண்டாம் எண்டவர். ஏணியைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லாதை எண்டு ஒருத்தரும் என்ர வாயைப் பொத்தேல்ல. தண்ணி குடியுங்கோ எண்டு சொல்லத் தெரிஞ்ச எனக்கு, அதைச் சொல்லத் தெரியேல்ல. வேலைக்குப் பயந்திட்டன்."

கிருஷாந்த் எழுந்து கோப்பையைக் கழுவி வைத்தான். கொஞ்சம் கழித்து, "எழுதுறதெண்டால் எழுதும். நான் மறிக்கேல்ல" என்றான்.

மரண விசாரணை அதிகாரியின் அலுவலகத்துக்கு அவள் எழுதிய கடிதம் ஆறு வரிதான். இறந்தவர் இறப்பதற்கு முப்பத்தொரு நாளுக்கு முன் ஓர் ஆய்வில் பங்கெடுத்தார் என்றும், எழுந்து நிற்கையில் மயக்கம் வரக்கூடியவர் என்று காட்டுகிற அளவுகள் அந்தக் கோப்பில் உண்டு என்றும், கோப்பை வரவழைக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு என்றும் எழுதினாள். திங்கட்கிழமை அதன் பிரதியைக் கோபாலனின் மேசையில் வைத்தாள்.

அவர் வாசித்தார். கோபப்படவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

"கேட்டால் வேண்டாம் எண்டிருப்பீங்கள் டொக்டர்."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

ஆய்வு நிறுத்தப்பட்டது. மருத்துவமனை நிர்வாகம் இரண்டு தடவை அவளைக் கூப்பிட்டு விசாரித்தது. கணினிப் பட்டியலில் எண் மாற்றியதும் அதில் வெளியே வந்தது. அதற்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்து, விசாரணை முடியும்வரை கீழ்த்தளத்தில் ஈசிஜி எடுக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் கிடையாது. ஒரு நாளைக்கு நாற்பது பேர். சட்டையைக் கழற்றுங்கள், அசையாமல் படுங்கள், சட்டையைப் போடுங்கள். அவ்வளவுதான் பேச்சு.

செப்டம்பர் கடைசியில் கோபாலன் அந்தக் கீழ்த்தளத்துக்கு வந்தார். பெரிய மருத்துவர் அங்கே வந்ததைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அவர் ஒரு தாளை நீட்டினார். அதுவரை அளந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு. ஆழ்ந்த மூச்சுப் பரிசோதனையில், அறுபது வயதுக்காரர்களின் வரிசையில் இரண்டு எண்கள் அடுத்தடுத்து எழுதியிருந்தன.

"அந்த வயசுல ஆள் குறைவு. அதனால ஒரே ஆள் எல்லையை இழுத்துடுறார்" என்றார். "நூற்றுப் பதினெட்டைச் சேர்த்தா இயல்புக்குக் கீழ் எல்லை மூணு. எடுத்துட்டா ஏழு. அவரை உள்ளே வச்சு அட்டவணை வெளியே போயிருந்தா, நாளைக்கு இதே நோயோட நாலு எண் காட்டிட்டு ஒரு கொரியர் வருவார். நாம அட்டவணையைப் பார்த்துட்டு, உங்களுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்கன்னு சொல்லியிருப்போம்."

பிறேமினி தாளையே பார்த்தாள். "இப்ப எடுக்கிறதுக்கு என்ன காரணம் எழுதுவீங்கள்? எண் குறைவு எண்டா?"

"அதை எழுத முடியாது. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். நித்திரையில உதைக்கிறார், மணம் தெரியலைன்னு அவர் சொன்னதை அன்னைக்கே எங்கேயாவது குறிச்சு வச்சீங்களா?"

"குறிச்சனான். தாளின்ர பின்பக்கத்தில. திகதியும் போட்டனான்."

"அப்போ அவர் வரும்போதே நோயோடதான் வந்தார். எடுத்துடலாம்." தாளை மடித்துப் பைக்குள் வைத்தவர் உடனே போகவில்லை. "அந்தக் குறிப்பை அன்னைக்கு நான் திருப்பிப் பார்க்கலை" என்றார். அதைச் சொல்லத்தான் அவர் வந்திருக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

மரண விசாரணை நவம்பரில் நடந்தது. சிறிய மண்டபம், பள்ளிக்கூட வகுப்பறை அளவு. முன்வரிசையில் யூனின் மனைவியும் மகளும். மனைவி சின்னஞ்சிறிய பெண், கறுப்புக் கோட்டுக்குள் இருப்பது தெரியாமல் இருந்தாள். மகள் அவள் காதில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். ஜாங் கடைசி வரிசையில் கதவோரமாகத் தனியாக இருந்தார்.

பிறேமினி சாட்சி சொல்ல நின்றாள். விசாரணை அதிகாரி வயதான பெண், கடுமையில்லாத குரல். எண்கள் ஒவ்வொன்றையும் விளங்கப்படுத்தச் சொன்னாள். வெயிலும், வயிறு நிறைந்த சூடான சாப்பாடும், நிமிர்ந்து நின்று கையை உயர்த்தி வேலை செய்வதும் அப்படிப்பட்டவருடைய அழுத்தத்தை எவ்வளவு இறக்கும் என்று கேட்டாள். பிறேமினி சொன்னாள். அப்படி மயங்குகிறவர் கத்துவாரா என்று கேட்டாள்.

"மாட்டார். கத்துவதற்கு நேரம் இருக்காது. கை தானாக விட்டுவிடும்."

பின்னால் யாரோ மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. ஜாங் என்று திரும்பாமலே தெரிந்தது.

"அந்த அளவுகளைப் பார்த்த அன்று, அவருக்கு நோய் இருக்கிறது என்று நினைத்தீர்களா?"

"நினைத்தேன்."

"அவரிடம் என்ன சொன்னீர்கள்?"

"மெதுவாக எழும்பச் சொன்னேன். தண்ணீர் குடிக்கச் சொன்னேன்."

"ஏணியைப் பற்றி?"

"சொல்லவில்லை."

மகளின் முணுமுணுப்பு அந்த இடத்தில் நின்றது. பிறகு தாயின் காதில் சுருக்கமாக ஏதோ சொன்னாள்.

கோபாலன் அடுத்து வந்தார். அந்த எண் இயல்பானதா இல்லையா என்று அன்றைக்கு யாராலும் அடித்துச் சொல்லியிருக்க முடியாது என்றார். அதிலிருந்து அவர் கடைசிவரை இறங்கவில்லை. ஆனால் யாரும் கேட்காமலே இன்னொன்றைச் சொன்னார். "இந்த ஆள் ஏணியில் வேலை செய்கிறவர் என்று பிறேமினி என்னிடம் சொன்னார். முடிவில் பார்ப்போம் என்று சொன்னது நான்."

விபத்து மரணம் என்று தீர்ப்பு வந்தது. இறந்தவர் ஏணியில் நின்றபோதே நினைவிழந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு என்றும், ஏணியைப் பிடித்திருந்தவரிடம் குற்றம் காண எதுவும் இல்லை என்றும் விசாரணை அதிகாரி வாசித்தாள். அப்படிப்பட்ட அளவுகள் வந்தால் ஆய்வில் கலந்துகொண்டவருக்குச் சொல்ல வழி வேண்டும் என்று மருத்துவமனைக்குத் தனியாக எழுதப்போவதாகவும் சொன்னாள்.

வெளியே நடைக்கூடத்தில் ஜாங் சுவரோடு நின்றிருந்தார். யூனின் மனைவி அவர் அருகே போனாள். அவர் கோட்டின் கைப்பகுதியைப் பிடித்தாள், பிடித்தபடியே நின்றாள். அந்தப் பெரிய மனிதர் குனிந்து குனிந்து அவள் உயரத்துக்கு வந்துவிட்டார். பிறேமினி அவர்களைக் கடந்துதான் வாசலுக்குப் போக வேண்டும். தலையைக் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள்.

"நில்லுங்கள்" என்றாள் மகள். "அம்மாவுக்கு ஒன்று கேட்க வேண்டுமாம். பரிசோதனைக்கும் அப்பா விழுந்ததற்கும் நடுவில் எத்தனை நாள்?"

எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. "முப்பத்தொன்று."

மகள் அதைக் கொரிய மொழியில் சொன்னாள். தாய் கேட்டுக்கொண்டாள். பிறேமினியின் முகத்தை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். பார்த்தபடியே, அவசரமில்லாமல், நீளமாக ஒரு வசனம் சொன்னாள். குரல் உயரவில்லை. ஜாங் மட்டும் கண்களை மூடிக்கொண்டார்.

மகள் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள்.

"என்ன சொன்னார்?" என்று பிறேமினி கேட்டாள். "என்னவாக இருந்தாலும் பரவாயில்லை. சொல்லுங்கள்."

"வேண்டாம்" என்றாள் மகள். தாயின் தோளைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு வாசலை நோக்கிப் போனாள். ஜாங் இரண்டடி பின்னால் நடந்தார்.

பிறேமினி அவர்கள் வெளியே போகட்டும் என்று அங்கிருந்த நீள மர வாங்கில் உட்கார்ந்தாள். அடுத்த வழக்குக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கதவு சாத்தப்பட்டதும் எழுந்து, மழை தூறிக்கொண்டிருந்த தெருவில் இறங்கி, பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள். ஒன்றரை மணிக்குக் கீழ்த்தளத்தில் ஆட்கள் காத்திருப்பார்கள்.